மதியம் ஒரு மணிக்கு முந்தைய சத்தங்கள்

என் மனைவிக்குத் தூக்கம் வாங்கித் தருவது என்று ஏப்ரலில் ஒரு செவ்வாய்க்கிழமை முடிவெடுத்தேன். அதுவும் சட்டப்படி.

மார்லிஸ் ஆஸ்பத்திரியில் இரவு நர்ஸ். காலை ஏழரைக்கு வருவாள், எட்டுக்குப் படுப்பாள், மதியம் ஒரு மணிக்கு எழுவாள். பத்தொன்பது வருஷமாக இதுதான் வழக்கம். போன அக்டோபரில் எங்கள் ஊரின் சின்ன விமான நிலையத்துக்கு விமானம் ஓட்டக் கற்றுத்தரும் பறக்கும் பள்ளி ஒன்று குடிவந்தது. மாணவர்கள் தரையைத் தொடுவார்கள், உடனே எழும்புவார்கள், எங்கள் கூரைக்கு மேலே ஒரு சுற்று வந்து மறுபடி தொடுவார்கள். தரை அங்கேயே இருக்கிறதா என்று சந்தேகம் போல. அதே அக்டோபரில்தான் நான் பள்ளிப் பேருந்து ஓட்டும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றேன். அதனால் எல்லாவற்றையும் வீட்டிலிருந்தே கவனிக்க முடிந்தது. மார்லிஸின் கண்ணுக்குக் கீழே கருவளையம் வந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை வந்ததும் சொன்னாள்: "சிவப்பு விளக்குல நின்னேன் ஓரின். அப்படியே கண்ணசந்துட்டேன். பின்னாடி லாரிக்காரன் ஹாரன் அடிச்சுத்தான் முழிச்சேன்."

அவள் படுத்ததும் மாவட்ட விதிகளை எடுத்துப் புரட்டினேன்.

மதியம் ஒரு மணிக்கு முன்னால் பயிற்சி விமானம் எழும்பக் கூடாது என்று மாவட்டச் சபை விதி போட்டிருக்கிறது. நாங்கள் மீறுவதே இல்லை என்கிறது விமான நிலையம். எங்கள் மாநிலத்தில் பொது ஆவணச் சட்டம் உண்டு. அரசு அலுவலகத்துத் தாளை யார் கேட்டாலும் காட்ட வேண்டும். கேட்டேன்.

விமான நிலைய மேலாளர் ட்வேன் ப்ரூயிட் சாதுவான மனிதர். போனில் பேசினோம். வீட்டுக்குள் பேசினால் மார்லிஸ் எழுந்துவிடுவாள் என்று வெளியே போய், படுக்கையறை ஜன்னலுக்குக் கீழே நின்று பேசினேன்.

"காலையில எழும்பின பிளேன் கணக்கு வேணும், ட்வேன்."

"காலையில நாங்க குறிச்சு வைக்கிறதில்லையே. ஆளு இல்லை."

"அப்ப சத்தம் அளக்கிற கருவியை என் தோட்டத்துல வைங்க. அதுல வர்றதும் பொது ஆவணம்தானே?"

"ஆமா. யாரு கேட்டாலும் குடுக்கணும்."

"யாரு கேட்டாலும் குடுங்க," என்றேன் கம்பீரமாக.

கருவியை வைத்தார்கள். சத்தம் ஓர் அளவைத் தாண்டினால் அது தானாகவே பதிவு செய்துகொள்ளுமாம். இரண்டு வாரம். நானும் சும்மா இருக்கவில்லை. கையில் நோட்டு, கழுத்தில் பைனாகுலர். ஒவ்வொரு விமானத்தையும் நின்று எண்ணினேன்.

"இதெல்லாம் வேணாம், ஓரின்," என்றாள் மார்லிஸ்.

"உனக்காகத்தான் கண்ணு."

"தெரியும். அதான் கோபமும் பட முடியலை." என் கன்னத்தைத் தட்டிவிட்டு ஜன்னலைச் சாத்தினாள்.

மே மாதக் கூட்டத்தில் சபை மண்டபம் நிறைந்திருந்தது. அறிக்கை ட்வேன் கையில் இருந்தது. அவர் என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்: "ஓரின், இதைத் தனியாப் படிச்சுக்குங்களேன்."

"மூடி மறைக்கிற வேலையே வேணாம். வாய்விட்டுப் படிங்க. எல்லாப் பக்கமும்."

படித்தார். "ஒரு மணிக்கு முன்னால், பயிற்சி விமானம்: முப்பத்து நான்கு."

கைதட்டல். எழுந்து நின்று வணங்கினேன். உட்காருவதற்குள் அவர் பக்கத்தைப் புரட்டிவிட்டார்.

"ஆண் குரல்: ஐம்பத்தொன்று. காலை ஒன்பது பன்னிரண்டு, 'இதோ வந்துட்டான் பதினாலாவது ஆளு.' ஒன்பது இருபது, இலை ஊதும் மிஷின். ஒன்பது ஐம்பது, கராஜ் கதவு, மூன்று தடவை. பத்து ஐந்து, தொலைபேசி உரையாடல்." ட்வேன் தொண்டையைச் செருமினார். "'மெதுவாப் பேசுங்க ட்வேன், என் பொண்டாட்டி தூங்கிட்டிருக்கா.' இரண்டு வாரத்தில் பதிவானதிலேயே அதிகபட்ச சத்தம் இதுதான்."

விமானத்தைப் பிடிக்கப் போய் மானம் பறந்தது. மண்டபமே குலுங்கியது. நான் நோட்டுக்குள் ஒளிந்துகொண்டேன்.

அப்போது கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல். "நான் மார்லிஸ் ஹால்வர்சன். இந்த அறிக்கையைப் போன வாரமே கேட்டு வாங்கிட்டேன். அதே சட்டத்துல."

திரும்பிப் பார்த்தேன். என் மனைவி, நர்ஸ் உடுப்போடு.

"முப்பத்து நாலு தப்பு விமான நிலையத்தோடது. அதை நிறுத்துங்க. காலையில குறிக்க ஆளு இல்லைங்கறீங்க. என்கிட்ட ஒரு ஆளு இருக்கார். சம்பளம் வேணாம். எட்டு மணிலேருந்து ஒரு மணி வரைக்கும் ஓடுபாதை பக்கத்துல உக்காந்து ஒண்ணு விடாம எழுதுவார். எண்ணுறதுல அவரை அடிச்சுக்க ஆளில்லை. நீங்கதான் கேட்டீங்களே."

எல்லாக் கையும் உயர்ந்தது. மறுப்பவர் உண்டா என்றார் தலைவர். நான் கையைத் தூக்கினேன். மார்லிஸ் பார்த்தாள். அந்தக் கையால் காதைச் சொறிந்துகொண்டேன்.

இப்போது தினமும் அங்கேதான் இருக்கிறேன். என் நோட்டைக் கண்டாலே பள்ளிக்காரர்களுக்கு நடுக்கம். ஒரு மணிக்கு முன்னால் ஒரு சக்கரமும் அசையவில்லை. மார்லிஸின் கருவளையம் மறைந்துகொண்டு வருகிறது. சிவப்பு விளக்கில் இப்போது பாட்டு கேட்கிறாளாம். போன சனிக்கிழமை நான் வீட்டுக்கு வந்தபோது பான்கேக் சுட்டுக்கொண்டிருந்தாள்.

"நல்லாத் தூங்கினியா?"

"அடிச்சுப் போட்ட மாதிரி."

"பிளேன் இல்லாததாலயா, நான் இல்லாததாலயா?"

அவள் சிரித்தாள். என் தோளில் தலை சாய்த்தாள். "ஞாயித்துக்கிழமைதான் தூக்கமே வர மாட்டேங்குது, ஓரின்."

ஞாயிற்றுக்கிழமை பறக்கும் பள்ளிக்கு விடுமுறை. எனக்கும்தான். நாள் முழுக்க நான் பக்கத்தில் இருக்கும் சந்தோஷத்தில் தூக்கம் வரவில்லை போலிருக்கிறது என்று நினைத்து நெகிழ்ந்துபோனேன். அந்த நேரம் பார்த்து அவள் ஒரு தாளை நீட்டினாள். நெகிழ்ச்சியில் படிக்காமலே கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த கூட்டத்துக்கான பட்டியல் நேற்றுத் தபாலில் வந்தது. முதல் வேண்டுகோள்: காலைக் கண்காணிப்பை ஞாயிற்றுக்கிழமைக்கும் நீட்டிக்க வேண்டும். வேண்டுபவர்: ஓரின் ஹால்வர்சன்.