எழுபது இருக்கையும் தவராசா அண்ணையின் நேர்த்தியும்

‘அதை என்ரை பொறுப்பிலை விடுங்கோ’ என்று சொல்லும் மனிதர்கள் ஒரு தனி இனம். நீங்கள் தேடிப் போக வேண்டாம். நாலு தமிழர் கூடி ஒரு காரியம் பேசுகிற இடத்தில், பேச்சு முடியும் முன்னமே ஒரு கை மேலே எழும்பும், பாருங்கள், அவர்தான். மண்டபம் பிடிக்க வேண்டுமா, மாலை கட்ட வேண்டுமா, பிள்ளைகளின் நடனத்துக்கு ஒலிபெருக்கி வேண்டுமா, எல்லாவற்றையும் அவர் ஏற்பார். ஏற்பதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. செய்வதுதான் வேறு ஆள்.

ஜெர்மனியின் ஹம் நகரத்தில் எங்களுக்கு வாய்த்தவர் தவராசா அண்ணை. நல்ல மனிதர், பொய் சொல்ல மாட்டார், ஒருவரையும் நோகப் பேச மாட்டார், வெள்ளிக்கிழமை மச்சம் மாமிசம் தொட மாட்டார். காரியம் ஒன்றைக் கையில் வாங்கினால் மட்டும், சுடுகிற சட்டி மாதிரி உடனே அடுத்த கைக்குக் கொடுத்துவிடுவார். போன மாரியில் ஒரு பிறந்தநாள் விழாவுக்கு நூறு வடை தன் பொறுப்பு என்றார். கிருபனிடம் சொன்னார். அவரோடு ஒரே தொழிற்சாலையில் வேலை செய்கிற கிருபனுக்கு மாட்டேன் என்று சொல்லத் தெரியாது. வடை சுடவும் தெரியாது. கிருபன் பக்கத்து நகரமான டோட்முண்டில் இருக்கும் சுபானிக்குத் தொலைபேசி எடுத்தார். சுபானி எனக்கு எடுத்து, “அக்கா, ஆருக்கோ நூறு வடை வேணுமாம், சுட்டுத் தருவீங்களோ?” என்றாள். ஆருக்கோ! உழுந்து ஊறப்போட்டு, அரைத்து, சுட்டுக் கொடுத்துவிட்டு, சேலை மாற்றிக்கொண்டு நானும் அந்த விழாவுக்குப் போனேன். வாசலில் தட்டோடு நின்ற தவராசா அண்ணை, “எடுங்கோ தங்கச்சி, என்ரை பொறுப்பிலை செய்தது. எப்பிடி இருக்கு?” என்று கேட்டார். என் வடையை நானே புகழ்ந்துவிட்டு வந்தேன். வேறு என்ன செய்ய?

அவருடைய மகள் கம்சனா ஒரு பெரிய விமான நிறுவனத்தில் துணை விமானி. சேர்ந்து இரண்டு வருடம். அந்த நிறுவனத்துக்கும் ஒரு பழக்கம் உண்டு. கிட்டத்து ஊர்களுக்கான பறப்புகளை ஒரு சின்ன நிறுவனத்திடம் கொடுத்துவிடும். அவர்கள் குறைந்த சம்பளத்துக்கு விமானிகளை வைத்து ஓட்டுவார்கள். விமானத்தின் வாலில் மட்டும் பெரிய நிறுவனத்தின் பெயர். விமானிகள் சங்கம் இதற்கு ஒப்பந்தத்தில் ஒரு வேலி போட்டிருந்தது: எழுபது இருக்கைக்கு உட்பட்டதை வேண்டுமானால் வெளியே கொடு, அதற்கு மேற்பட்டதை எங்கள் ஆட்கள்தான் ஓட்ட வேண்டும். இந்த வருடம் ஒப்பந்தம் புதுப்பிக்கிற நேரத்தில், எழுபதை நூற்றுப்பத்து ஆக்கு என்று நிறுவனம் பிடிவாதமாக நின்றது. ஆக்கினால், கம்சனா ஓட்டுகிற நூறு இருக்கை விமானம் சின்ன நிறுவனத்துக்குப் போய்விடும். கடைசியாகச் சேர்ந்தவளின் வேலையும் அதோடு போய்விடும்.

தவராசா அண்ணை கொதித்தார். ரயிலில் கொதித்தார், தமிழ்க் கடையில் கொதித்தார், பல் வைத்தியரிடம் வாய் திறந்தபடியே கொதித்தார். கோயில் திருவிழாவுக்குத் தோரணம் கட்டுவதும் அவர் பொறுப்புத்தான் என்பதால், ஒரு நாள் கிருபன் தோரணம் கட்டிக்கொண்டிருக்க, அண்ணை பக்கத்தில் நின்று கொதித்தார்.

“ரிக்கற்றிலை ஆற்றை பேர்? பெரிய கொம்பனியின்ரை பேர்! ஓடுறது ஆர்? வேறை ஆள்! இது சனத்தை ஏமாத்திற வேலையோ இல்லையோ?”

“ஏமாத்திற வேலைதான் அண்ணை.”

“பேரை வைச்சவன் எல்லோ செய்ய வேணும்!”

“ஓம் அண்ணை. அந்த நுனியை ஒருக்காப் பிடியுங்கோ.”

“பொறு, ஆரையாவது கூப்பிடுறன்.”

பேச்சுவார்த்தை இழுபட்டது. விமானிகள் இரண்டு நாள் வேலைநிறுத்தமும் செய்து பார்த்தார்கள். தவராசா அண்ணை எங்கள் நகரத்தின் ஊன்ட்றொப் பகுதியில் கோயில் கொண்ட காமாட்சி அம்பாளிடம் போனார். எழுபது எழுபதாகவே நிற்க வேண்டும் தாயே, இந்த வருடம் உன் தேருக்குப் பின்னால் நான் அங்கப்பிரதட்சணம் செய்வேன் என்று நேர்ந்தார். கேட்ட எங்களுக்கு மெய் சிலிர்த்தது. மகளுக்காக, அறுபது வயதில், வெறும் மேலோடு இந்தத் தார் வீதியில் உருளப்போகிறார்!

தேரன்று ஆயிரக்கணக்கில் சனம். கூட்டத்துக்குள் எட்டிப் பார்த்தேன். தேருக்குப் பின்னால் உருண்டு வந்தவர் கிருபன். கரையில், மடிப்புக் குலையாத பட்டு வேட்டியோடு தவராசா அண்ணை நடந்து வந்தார். “நேரா வா கிருபன்! இடப்பக்கம் போகுது!”

“அண்ணை, இதென்ன?” என்றேன்.

“முழங்கால் கொஞ்சம் ஏலாது தங்கச்சி. அர்ச்சனையிலை என்ரை பேரும் நட்சத்திரமும்தான் சொன்னது. அம்பாளுக்கு விளங்கும்.”

எனக்கு விளங்கவில்லை. நேர்த்தி ஒருவருடையது, தோல் உரிந்த முதுகு இன்னொருவருடையது என்றால், தாயார் வரத்தை யாருக்குக் கொடுப்பாள்? உருண்டவரைப் பார்த்துக் கிருபனுக்கே கொடுத்துவிட்டால்? கிருபனிடம் இருப்பதோ ஒரு சைக்கிள். கம்சனாவின் கதி என்ன?

அந்த நேரம் கம்சனாவே தண்ணீர்ப் போத்தலோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள்.

“கிருபன் மாமா, உங்களுக்கும் நேர்த்தியோ?”

“எனக்கில்லைப் பிள்ளை,” என்றார் கிருபன், மல்லாந்தபடி. “உனக்கு. அப்பான்ரை பொறுப்பு.”

அவள் தகப்பனைப் பார்த்தாள்.

“பேர் என்ரைதானே பிள்ளை…”

“அவங்கடை பிளேன் வாலிலையும் எங்கடை கொம்பனிப் பேர்தான் அப்பா இருக்கு.”

தவராசா அண்ணை உதவிக்கு ஆள் தேடுகிறவர் மாதிரிக் கூட்டத்தைப் பார்த்தார்.

“தோரணத்தை வேறை ஆளிட்டைக் குடுங்கோ, மாலையைக் குடுங்கோ,” என்றாள் அவள், மெதுவாக. “எனக்காக நேர்ந்ததைக் குடுக்க ஏலாதப்பா.”

தவராசா அண்ணை சால்வையைக் கழற்றி, எழும்பி நின்ற கிருபனின் கையில் கொடுத்தார். பட்டு வேட்டியோடு அப்படியே வீதியில் படுத்தார். முதல் உருளலில் மூச்சு வாங்கியது. மூன்றாவதில் “அம்மாளே!” என்று கத்தினார், அது பக்தியா முழங்காலா என்று எனக்குத் தெரியாது. கம்சனா முன்னால் குனிந்து கல் பொறுக்கிக்கொண்டு போனாள். கிருபன் கரையில் நடந்துகொண்டு, “நேரா வாங்கோ அண்ணை! இடப்பக்கம் போகுது!” என்றார். இருபது வருடத்தில் கிருபன் அவருக்குச் சொன்ன முதல் உத்தரவு அதுவாகத்தான் இருக்கும். மிச்ச வீதி முழுவதையும் அவரே முடித்தார்.

அடுத்த கிழமை ஒப்பந்தம் கையெழுத்தானது. எழுபது எழுபதாகவே நின்றது. கம்சனா இன்றைக்கும் பறக்கிறாள். அம்பாளின் அருளா, வேலைநிறுத்தமா என்று பிரித்துச் சொல்ல நான் ஆளில்லை. இரண்டிலும் உரியவர்கள் தாங்களே இறங்கினார்கள், அதை மட்டும் கண்டேன்.

சிரிக்கிறீர்களா? இப்படி ஒருவரை எனக்கும் தெரியும் என்று பக்கத்தில் இருப்பவரிடம் காட்டுகிறீர்களா? காட்டுங்கள். நான் தேருக்குப் புறப்பட்டபோது, வைத்தியரிடம் நேரம் குறித்த டெர்மின் என்றும், சனிக்கிழமை வேலை என்றும், வாகனம் நிறுத்த இடம் கிடையாது என்றும் சொல்லி, ‘எனக்கும் சேர்த்துக் கும்பிட்டுவிடுங்கோ அக்கா’ என்றவர்கள் பதினேழு பேர். அம்பாளுக்கு முன்னால் கண்ணை மூடி ஒவ்வொரு பெயராகச் சொன்னேன். இரண்டு பெயர் மறந்துபோயிற்று. உங்களுடையதாகவும் இருக்கலாம், ஒருமுறை நீங்களே போய் வந்துவிடுங்கள்.