நின்றுபோன வேனில் ஓடிய ஆட்சி

ஓடாத வண்டிக்கு டிக்கெட் வாங்க வரிசையில் நின்ற மக்களைப் பார்த்திருக்கிறீர்களா? கல்வராயன் மலையில் நாவல்காட்டுக்கு வந்திருந்தால் பார்த்திருப்பீர்கள். ரிஷிவந்தியத்திலிருந்து வந்தார்கள். நைனார்பாளையத்திலிருந்து டிராக்டர் கட்டிக்கொண்டு வந்தார்கள். கையில் எலுமிச்சம்பழம், மடியில் நூறு ரூபாய். வளைவில் நின்ற பழைய வேனை மூன்று சுற்று சுற்றிவிட்டு, முறை வந்ததும் உள்ளே ஏறினார்கள்.

வேனின் வரலாறு சின்னது. போன தேர்தலில் சீப்புச் சின்னத்தில் நின்ற இளமாறன் பத்தொன்பது ஓட்டில் தோற்றார். ஜெயித்தது பூட்டுச் சின்னம். அன்று நாவல்காட்டுக்காரர்கள் இருபத்தேழு பேரை ஏற்றிக்கொண்டு ஒன்பது கிலோமீட்டர் தள்ளியிருந்த வாக்குச்சாவடிக்குப் புறப்பட்டது இளமாறன் அமர்த்திய இந்த வேன். ஊரைத் தாண்டுமுன் முதல் வளைவிலேயே நின்றது. ஓட்டுப்பதிவு முடியும்வரை நகரவில்லை. இருபத்தேழில் பத்தொன்பதைக் கழித்தால் எட்டு. ஆக, வேன் நிற்காமல் போயிருந்தால் இளமாறன் எட்டு ஓட்டில் எம்.எல்.ஏ. கழித்தல் தெரிந்தவர்கள் எல்லாரும் கண்ணீர் விட்டார்கள்.

அந்தக் கண்ணீரில்தான் சாமியார் முளைத்தார். வேனின் சொந்தக்காரரும் டிரைவருமான மாயவனேதான். "வண்டி நிக்கல. நின்னது நம்ம உலகம். வண்டி இன்னொரு உலகத்துல போய்க்கினேதான் இருக்குது. அங்க அண்ணன்தான் எம்.எல்.ஏ." என்று அருள்வாக்குச் சொன்னார். இளமாறன் மாலை போட்டார். மற்றவர்கள் விழுந்து கும்பிட்டார்கள்.

பயணம் இப்படி நடக்கும். பன்னிரண்டு பேர் உள்ளே உட்காருவார்கள். ஜன்னல்களில் கறுப்புத் துணி. இரண்டு சீடர்கள் வெளியே நின்று வேனைக் குலுக்குவார்கள். மாயவன் ஸ்டியரிங்கைத் திருப்பியபடி வாயாலேயே இன்ஜின் ஓட்டுவார். பிறகு, கண்ணாடி வழியே தெரியும் அந்த உலகத்தை மைக்கில் சொல்லுவார்.

"சாமி, எம் போர்ல தண்ணி?"

"அங்க பொங்கி வழியுது."

"சாமி, எம் பொண்ணு கல்யாணம்?"

"கல்யாணமா? ரெண்டாவது புள்ளைக்கு மொட்டையே அடிச்சாச்சி."

ரிஷிவந்தியம் கந்தசாமியிடம், "உனக்கு அங்க சம்சாரம் வேற" என்றார். மனிதர் மறுபடியும் டிக்கெட் எடுத்து ஏறினார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இளமாறனே வருவார். முன்சீட்டில் அமர்ந்து, மக்கள் நீட்டும் மனுக்களில் பச்சை மையில் கையெழுத்துப் போடுவார். அந்த உலகத்துக்கென்று தனி லெட்டர்பேடு அச்சடித்திருந்தார். ரோடு கேட்டவருக்கு ரோடு, பள்ளிக்கூடம் கேட்டவருக்குப் பள்ளிக்கூடம். ஆறு மாதத்தில் இத்தனை வேலை செய்த எம்.எல்.ஏ.வை இந்த உலகம் கண்டதில்லை. ரோட்டையும் பள்ளிக்கூடத்தையும் காணவும் இல்லை.

இந்தச் சீர்மிகு ஆட்சிக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆபத்து வந்தது. அம்சவள்ளி வந்தாள். தேர்தலன்று வேனில் ஏறிய இருபத்தேழு பேரில் ஒருத்தி. மகள் கலையரசிக்கு ஒன்பது மாதம். குழந்தை குறுக்கே கிடக்கிறது, வலி எடுப்பதற்குள் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடு என்று நர்ஸ் சொல்லியிருந்தார். டிராக்டர் குலுக்கல் அவளுக்கு ஆகாது; நிறைமாதக்காரியைப் படுக்கவைத்து அந்தப் பாதையில் இறக்கக்கூடிய ஒரே வண்டி, குங்குமம் பூசிக்கொண்டு நின்றது.

"மாயவா, வண்டிய எட்றா. பொண்ணு கீழ போவணும்."

"சக்கரம் ஒரு சுத்து சுத்துனா அந்த உலகம் ஒடைஞ்சிடும்க்கா. கவலப்படாத. அங்க உம் பொண்ணுக்குப் போன வாரமே சுகப்பிரசவம். ஆம்பளப் புள்ள. அண்ணன்தான் பேரு வச்சாரு."

"பொறந்த புள்ள அங்க இருக்கட்டும். வயித்துல இருக்கிறது இங்க இருக்குதுடா!"

கூட்டம் முகம் சுளித்தது. இளமாறனின் தேர்தல் ஏஜென்ட் பூமாலை குறுக்கே வந்தார். "இன்னாம்மா நீ? ஒரு பிரசவத்துக்காக ஒரு ஆட்சியையே கவுக்கப் பாக்குற!"

அம்சவள்ளிக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. அழுகையை விழுங்கிவிட்டு ஆத்திரத்தை மட்டும் வைத்துக்கொண்டாள்.

"நாங்க இருபத்தேழு பேரும் போயிருந்தா அண்ணன் ஜெயிச்சிருப்பாரு. அதானே உங்க கணக்கு? நாங்க யாருக்குப் போட இருந்தோம்னு இந்த ஆறு மாசத்துல யாராச்சும் கேட்டீங்களாங்க?"

யாரும் கேட்கவில்லை. பூமாலை சிரித்தார். "வேன் வச்சது அண்ணன். வேற யாருக்குப் போடுவீங்க?"

"இருபத்தேழு பேரும் ஊர்லதான் இருக்கோம். இப்பவே போட்றோம். உங்க கணக்கு சரியா வந்தா நானும் வண்டிய சுத்திவந்து விழுந்து கும்பிட்றேன். இல்லன்னா சாவிய குடுக்கணும்."

மாயவன், "அதெல்லாம் தெய்வக் குத்தம்..." என்று ஆரம்பித்தார். இளமாறன் விடவில்லை. "வைங்கம்மா! எல்லாரும் பாக்கட்டும்!"

தார்ப்பாய் கட்டி மறைத்து, உள்ளே ஒரு குடமும் ஒரு சாக்கும் வைத்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் நான்கு பொருள்கள். கடுக்காய் என்றால் இளமாறன். புளியங்கொட்டை என்றால் பூட்டு. பலாக்கொட்டை என்றால் தையல் மெஷின் சுயேச்சை. கூழாங்கல் என்றால் யாருக்கும் இல்லை. பிடித்ததைக் குடத்திலும் மிச்சத்தைச் சாக்கிலும் போட வேண்டும். இருபத்தேழு பேரும் போனார்கள், வந்தார்கள்.

பூமாலைதான் எண்ணினார். முதலில் சத்தமாக எண்ணினார். போகப்போகக் குரல் இறங்கியது. புளியங்கொட்டை பன்னிரண்டு. பலாக்கொட்டை ஆறு. கூழாங்கல் ஐந்து. கடுக்காய் நான்கு.

பன்னிரண்டில் நான்கைக் கழித்தால் எட்டு; அதைப் பத்தொன்பதோடு கூட்டினால் இருபத்தேழு. வேன் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்திருந்தால் இளமாறன் இருபத்தேழு ஓட்டில் தோற்றிருப்பார்!

"எங்க வேன்ல ஏறிக்கினு பூட்டுக்கா?" என்று கத்தினார் பூமாலை.

ஓட்டுப் போட்டுவிட்டு நின்ற இருபத்தேழு பேரில் ஒருத்தியான ரங்கம்மாள் நிதானமாகச் சொன்னாள்: "வேன் உங்களுது, ஓட்டு எங்களுது. ஏத்திக்கினு போறவங்களுக்குத்தான் போடணும்னா, பஸ் டிரைவருதான் முதலமைச்சர் ஆவணும்."

இளமாறன் லெட்டர்பேடைப் பார்த்தார், மாயவனைப் பார்த்தார். "அப்போ ஆறு மாசமா நான் எந்த உலகத்துலடா கையெழுத்துப் போட்டேன்?"

"அண்ணே, மூணாவதா ஒரு உலகம் இருக்குதுண்ணே. அங்க பூராவும் கடுக்காய்தான்..."

அதற்குள் அம்சவள்ளி டீசல் டேங்க் மூடியைத் திறந்து ஒரு நீளக் குச்சியை உள்ளே விட்டாள். அடிவரை போய்விட்டுக் காய்ந்த குச்சியாகவே வந்தது. அதை மாயவனின் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"அன்னிக்கி வண்டி எதுக்குடா நின்னுது?"

சாமியார் மேலிருந்த அருள் மலையேறியது. "டீசல் போட மறந்துட்டேன்க்கா. அண்ணன் அடிப்பாருன்னு பயந்து, தெய்வம் நிறுத்துச்சின்னு சொன்னேன். அண்ணன் அடிக்காம மாலைய போட்டாரு. அப்புறம் எப்பிடிக்கா மாத்திப் பேசறது?"

மைக்குக்காக ஓடிய ஜெனரேட்டர் பக்கத்தில் ஒரு கேன் நிறைய டீசல் இருந்தது. ஆறு மாதமாக வேனிலிருந்து பத்தடி தூரத்தில் இருந்தது. அதை ஊற்றினார்கள். பேட்டரி செத்திருந்ததால் கும்பிட்ட கைகளே வண்டியைத் தள்ளின. முதலில் தோள் கொடுத்தவர் இளமாறன். எம்.எல்.ஏ. ஆகாமலேயே தொகுதிக்கு அவர் செய்த முதல் நன்மை அது. எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. சக்கரம் சுற்றியது. எந்த உலகமும் உடையவில்லை. வேன் இருமிக்கொண்டு கிளம்பியது, இந்த முறை அதன் சொந்த வாயால்.

கலையரசியை ஏற்றியபோது கந்தசாமி ஓடிவந்து ஜன்னலைப் பிடித்தார். "அம்மா, அப்போ அந்த உலகத்துச் சம்சாரம்?"

"வூட்ல ஒருத்தி இருக்காங்க இல்ல? அவங்ககிட்ட போயி மொதல்ல மன்னிப்புக் கேளுங்க" என்றாள் அம்சவள்ளி.

மறுநாள் காலை கலையரசிக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் நலம். அந்த உலகத்து ஆண் குழந்தையைத் தேடி யாரும் போகவில்லை.

உங்கள் ஊருக்கும் ஒரு மாயவன் வரலாம். வேறு உலகம் காட்டுகிறேன் என்று கூப்பிடலாம். போங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஏறி உட்காருவதற்கு முன்னால் டீசல் இருக்கிறதா என்று மட்டும் ஒரு குச்சியை விட்டுப் பாருங்கள்.