ரெண்டு நிமிஷம் அண்ணாச்சியின் சிவப்புக் கார்

திருநெல்வேலி ஜில்லாவிலேயே வேகமான காரும், ஜில்லாவிலேயே மெதுவான மனிதரும் தொண்ணூறுகளில் ஒரே காம்பவுண்டுக்குள் குடியிருந்தார்கள். இடம் தச்சநல்லூர். கார் சிவப்பு, இரண்டே கதவு, தரையோடு தரையாகப் படுத்திருக்கும். மனிதர் ரெண்டு நிமிஷம் அண்ணாச்சி.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்யும். யாரும் அதைக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. கார் எப்போது ஓடும் என்று யார் விசாரித்தாலும், "ரெண்டு நிமிச வேலதான்வே" என்பார். வருஷக் கணக்காக அந்த இரண்டு நிமிஷம் முடியவே இல்லை. பாளையங்கோட்டையில் அரசாங்க ஆபீஸில் கிளார்க் உத்தியோகம். தினமும் டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே போவார். கார் சாவி மட்டும் சட்டைப் பைக்கு வெளியே தொங்கும். கண்டக்டர் டிக்கெட் கிழிக்கும்போதெல்லாம் கார் எங்கே என்று சீண்டுவார். அண்ணாச்சி அலட்டிக்கொள்ளவே மாட்டார். இன்றைக்கு அதற்கு ஓய்வு என்பார்.

கார் உண்மையில் அவருடைய தம்பியுடையது. சிங்கப்பூரில் சம்பாதித்து வாங்கிக் கப்பலில் கொண்டுவந்து தூத்துக்குடியில் இறக்கி, அண்ணன் வீட்டு ஷெட்டில் நிறுத்தி, "பாத்துக்கோண்ணே" என்று சொல்லிவிட்டுத் திரும்பக் கப்பலேறிவிட்டார். அண்ணாச்சிக்கு ஓட்டத் தெரியாது; ஆனால் சொன்ன சொல் தவறாமல் பார்த்துக்கொண்டார். ஆபீஸ் விட்டு வந்ததும் குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசி, ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். காபி அங்கேதான் வரும். கோயில் கொடைவிழாவுக்கு வரி கேட்டு வருகிறவர்கள்கூடப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துதான் பேச வேண்டும். கட்டை பிரம்மச்சாரி, வாடகை வீட்டின் பின்கட்டில் ஒரே அறை. அவரை நாலு பேர் தேடி வந்த ஒரே இடம் அந்த சீட்தான்.

பொழுது சாய்ந்ததும் ஒரு சுவிட்சைத் தட்டுவார். பானெட்டுக்குள் மூடிக் கிடக்கும் முகப்பு விளக்குகள் இரண்டும் மெல்ல மேலெழும்பி எரியும். "கண்ண முழிக்கி, பாரும்" என்று தெருவையே கூப்பிட்டுக் காட்டுவார். இப்படி முழித்து முழித்தே ஆறு மாதத்தில் பேட்டரி படுத்துவிட்டது.

அங்கேதான் நான் வருகிறேன். ஜங்ஷன் பக்கம் ஒரு பேட்டரிக் கடையில் வேலை பார்த்தேன், குடியிருப்பு அடுத்த வீடு. உலகத்தில் எந்த வண்டி நின்றாலும் காரணம் பேட்டரிதான் என்பது அப்போது என் சித்தாந்தம். புது பேட்டரி மாட்டினோம். கண் முழித்தது, ஹாரன் அலறியது. சாவியைத் திருகினால் மட்டும் ஒரு 'டிக்'கூட இல்லை. அதோடு என் படிப்பு தீர்ந்துபோனது.

லாரி மெக்கானிக் செல்லையாவைக் கூட்டிவந்தேன். அவர் எஞ்சினுக்குள் தலையை விட்டு வெகுநேரம் எதையோ தேடினார். இதில் பிஸ்டனே கிடையாது என்று அண்ணாச்சி பெருமையோடு விளக்கினார். "உள்ளுக்குள்ள ஒரு முக்கோணம் கெடந்து சுத்தும்வே. நம்ம ஆட்டுக்கல்லுல குழவி சுத்துத மாதிரி."

செல்லையா தலையை வெளியே எடுத்தார். "அப்பம் அரிசிய நனையப் போடும். இட்லிக்காவது ஆவும்."

அண்ணாச்சி ஒரு மாதம் அவரோடு பேசவில்லை.

ஆயுத பூஜை வந்தால் இன்னும் வேடிக்கை. எல்லோரும் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, வண்டியை நகர்த்தி நசுக்கித் திருஷ்டி கழிப்பார்கள். அண்ணாச்சியும் வைப்பார். கார் நகர்ந்தால் அல்லவா நசுங்கும்? தள்ளிவிடுகிறோம் என்று தெருவே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தாலும் விட மாட்டார். தள்ளினால் காருக்கு மரியாதைக் குறைவாம். "நான் வேற ஏற்பாடு செஞ்சாச்சு" என்று மட்டும் சொல்வார். என்ன ஏற்பாடு என்று நாங்கள் கேட்டுக்கொண்டதில்லை.

அப்படியிருக்கும்போதுதான் பக்கத்து வீட்டுக்குப் போன் வந்தது. தம்பி சிங்கப்பூரை விட்டுச் சென்னையில் குடியேறிவிட்டார். சனிக்கிழமை வருகிறார். வண்டி ஓடினால் கொண்டுபோவார், ஓடாவிட்டால் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவார். அண்ணாச்சி காதில் இரண்டாவது பாதி மட்டும்தான் விழுந்தது. ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு நேராக என் கடைக்கு வந்தார். முகம் செத்துப்போயிருந்தது.

"சம்மட்டியால அடிச்சு உடைப்பானுவளாம். எப்படியாவது எழுப்பிரும்வே."

செல்லையாவின் காலில் விழாத குறையாக அழைத்துவந்தேன்.

அவர் பழைய பெட்ரோலை இறக்கிப் புதிது ஊற்றினார். பிளக்கைக் கழற்றி உள்ளே கொஞ்சம் ஆயில் விட்டு, முன்பக்கத்தில் ஸ்பானர் போட்டுச் சுற்றிப் பார்த்தார். எஞ்சின் இறுகவில்லை, வழுக்கிக்கொண்டு சுற்றியது. பியூஸ் எல்லாம் சரி. சாவியைத் திருகினால் மட்டும் பழைய மௌனம். அந்த நேரம் பார்த்துத் தம்பி ஆட்டோவில் வந்து இறங்கினார். விவரம் கேட்டுவிட்டு, கிளட்சை அடிவரைக்கும் மிதித்தால்தான் இந்த வண்டியில் சாவி வேலை செய்யும் என்றார்.

"மிதிச்சிட்டுதான் சார் இருக்கேன். கீழ என்னமோ இடிக்கி" என்றார் செல்லையா.

தம்பிக்குப் பொறுமை இல்லை. இரும்புக்காரனுக்கு ஆள் அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டுக் காபி குடிக்க உள்ளே போனார். நான் குப்புறப் படுத்துக் கிளட்ச் பெடலுக்குப் பின்னால் கையை விட்டேன். கல் போல ஏதோ அகப்பட்டது. பிடுங்கி எடுத்தால், காய்ந்து கறுத்துக் கொட்டைப்பாக்காகப் போன எலுமிச்சம்பழம். அதற்குப் பின்னால் இன்னொன்று. அதற்கும் பின்னால் இன்னொன்று.

நிமிர்ந்து பார்த்தேன். அண்ணாச்சி குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"வண்டி நகராட்டா பழம் எப்படிவே நசுங்கும்? அதான் வருசாவருசம் அங்கன வச்சுப் பைய மிதிப்பேன். அமுக்கி மிதிச்சா வண்டிக்கு வலிக்கும்லா."

காரின் ஒவ்வொரு திருகாணியையும் துடைத்து வைத்த மனிதர், அதை மட்டும் ஏன் எடுக்கவில்லை? திருஷ்டி கழித்த பழத்தைக் கையால் தொடக் கூடாதாம். செல்லையா ஷெட்டின் கூரையைப் பார்த்துக் கும்பிட்டார். தம்பி பார்த்தால் மானம் போய்விடும் என்று பழங்களை என் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

சாவியைத் திருகினார் செல்லையா. கார் இருமியது, செருமியது, பிறகு ஒரே உறுமல். விட்டிருந்த ஆயில் எல்லாம் புகையாகக் கிளம்பித் தெருவே மறைந்தது. எதிர்வீட்டு ஆச்சி கொசுமருந்துக்காரன் வந்துவிட்டான் என்று ஜன்னலை அடைத்தாள். புகைக்கு நடுவில் அண்ணாச்சி துண்டால் முகத்தை மூடிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார்.

தம்பி காபியை அப்படியே வைத்துவிட்டு ஓடிவந்தார். அண்ணனைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சேரன்மகாதேவி ரோட்டில் ஒரு விரட்டு விரட்டிவிட்டு வந்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டு "பைய லே, பைய லே" என்று கத்திக்கொண்டே அண்ணாச்சி போய்வந்தார். தம்பி அதிலேயே குளிர்ந்துபோனார். "நாளைக்குக் காலைல மெட்ராசுக்குக் கொண்டுபோயிருதேண்ணே" என்றார்.

அண்ணாச்சி முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே நின்றது. நல்லது என்றார். இரும்புக்கடைக்குத் தப்பிய கார் ஊரை விட்டே போகும் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. அன்றைக்குக் கார் கண் முழிக்கவில்லை. இருட்டுகிற நேரம் என்னிடம் வந்து அந்தப் பழங்களைக் கேட்டார். முறைப்படி ஆற்றில் விட வேண்டுமாம். துண்டின் முனையில் வாங்கி முடிந்துகொண்டு போனார்.

மறுநாள் காலை தம்பி பெட்டியை ஏற்றிவிட்டுச் சாவியைத் திருகினார். சத்தமே இல்லை. திரும்பத் திரும்பத் திருகினார். சட்டை நனைந்துபோனது. மறுபடி செல்லையாவுக்கு ஆள் போயிற்று. அவர் வந்து படுத்து, பெடலுக்குக் கீழே பார்த்தார். உள்ளே விட்ட கையை வெறுமனே வெளியே எடுத்தார். பிறகு எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார்.

"இத நம்பிப் பக்கத்துக் கயத்தாறக்கூடத் தாண்ட முடியாது சார். ஆனா உசுரு இருக்குத வண்டி, இரும்புக்குப் போட்டா பாவம். இங்கன நிழல்ல கெடக்கட்டும்."

தம்பி தலையைச் சொறிந்தார். நேற்று அந்த உறுமலைக் கேட்டவர். இரும்புக்குப் போட மனசு வரவில்லை. சாவியை அண்ணன் கையிலேயே கொடுத்துவிட்டு ரயிலுக்குப் போனார்.

அவர் ஆட்டோ தெருமுனை திரும்பியதும் நான் குனிந்து பார்த்தேன். நான் பிடுங்கி எடுத்த அதே பழங்கள், வரிசை மாறாமல் உள்ளே உட்கார்ந்திருந்தன. துண்டைச் சுற்றிக்கொண்டு அந்தச் சந்துக்குள் எதையும் செருக முடியாது. தொடக் கூடாது என்றவர், வெறுங்கையால் தொட்டிருக்கிறார்.

அண்ணாச்சி என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "ஆத்துல தண்ணி கம்மியா கெடந்துதுவே."

இப்போது எனக்கென்று ஒரு கார் இருக்கிறது. ஆயுத பூஜைக்குப் பழம் வாங்கும்போது ஒன்று கூடுதலாக வாங்கிவிடுகிறேன். நாலு சக்கரத்துக்கு எதற்கு ஐந்து பழம் என்று வீட்டில் கேட்கிறார்கள். அண்ணாச்சி பைய மிதிப்பதற்கு ஒன்று வேண்டாமா?