எனோராவின் கடை பாறையான வரலாறு

பிரான்சின் மேற்கே, பிரித்தானிக் கரையில் போர்லென் என்று ஓர் ஊர் இருப்பது அரசாங்கத்துக்குச் சமீபத்தில்தான் தெரியவந்தது. அடுத்த வாரமே முஸ்யே வால்ரான் வந்து இறங்கிவிட்டார். கலை, வரலாறு, சுவை ஆகியவற்றின் கடலோர ஒருங்கிணைப்பு அலுவலகத்தின் மேலதிகாரி. பாரிஸ்காரர். எங்கள் ஊர்த் தூறலுக்குக் குடை பிடிக்கிற ஆள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

விஷயம் இதுதான். நூறு வருஷத்துக்கு முன் பெலிஸியே என்ற ஓவியர் எங்கள் துறைமுகத்தை வரைந்தார். அந்தப் படம் இப்போது கோப்பை, கைப்பை, குளியலறைத் திரை வரைக்கும் ஏறிவிட்டது. அதைப் பார்த்துவிட்டு வரும் பயணிகள் ஏமாறக் கூடாதாம். ஊர் படத்தைப் போலவே இருக்க வேண்டுமாம்.

வால்ரான் கரையில் நின்று படத்தையும் ஊரையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"இந்த வீடு படத்துல இல்லையே! இங்க பாறைதானே இருக்கணும்?"

அது எனோராவின் கடை. கருங்கோதுமை அடையும் ஆப்பிள் கள்ளும் விற்பாள். கோடையில் அடுப்பெரிந்தால்தான் அவளுக்குக் குளிர்காலம் ஓடும்.

"அந்த ஓவியன் எங்க கடைக்குச் சாப்பிட வந்து உப்பில்லாத வெண்ணெய் கேட்டான், முஸ்யே," என்றாள் எனோரா. "எங்க கொள்ளுத்தாத்தா கழுத்தைப் பிடிச்சு வெளிய தள்ளிட்டாரு. அந்தக் கடுப்புல வீட்டை விட்டுட்டுப் பாறையை வரைஞ்சிட்டான்."

உப்பில்லாத வெண்ணெயா! கூட்டமே முகம் சுளித்தது. எங்கள் பக்கம் வெண்ணெய் என்றால் உப்பு போட்டதுதான்; இதற்காகக் கொலையே நடந்தாலும், நீதிபதி உள்ளூர்க்காரராக இருந்தால் விடுதலைதான்.

"இருக்கலாம் மதாம். ஆனா கலைஞர் வரைஞ்சதுதான் வரலாறு. நடந்தது வெறும் சம்பவம்."

"அப்ப வீட்டை இடிக்கணுமா?"

"சேச்சே! புராதனக் கட்டடம். இடிச்சா குற்றம். பாறையா மாத்தினா போதும்."

மேயர் கோரந்தன் தொண்டையைச் செருமினார். "ஊர் நல்லதுக்கு ஒரு கோடைதானே எனோரா. பாறையா இருந்துட்டுப் போயேன்."

"நீ இரேன். பாதி அப்படித்தானே இருக்கே."

சிரித்தோம். சிரித்து முடித்ததும் ஒருவர் பாக்கியில்லாமல் கை தூக்கி அவளைப் பாறையாக்கினோம். அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் கையை இறக்கவில்லை.

கடையைப் பாறைபோல் போர்த்தச் சாம்பல் நிறத் துணி வந்தது. அதன்மேல் கடற்காக்கை எச்சத்தை வரைவதா, நிஜமாகவே வரவழைப்பதா என்று இரண்டு கூட்டம் நடந்தது. எனோரா உள்ளே தன் பாட்டுக்கு அடை சுட்டாள். வெண்ணெய் வாசனை வெளியே வந்தது.

"பாறைக்குள்ள அடை சுடுறாங்களாம்!" என்று பாரிஸ் முழுக்கப் பேச்சு. அந்த வருஷம் பாறைக்குள் சாப்பிடாதவர் மனிதரே இல்லை என்று ஆகிவிட்டது. துறைமுகம் வரைக்கும் வரிசை.

எங்களுக்கு வயிறு எரியாதா? ரொட்டிக்கடை மயேல்தான் முதலில் போனான். "ஐயா, ஓவியர் கை தவறி என் கடையை வரைஞ்சிட்டார். அதுவும் பாறைதான்." வால்ரான் மகிழ்ந்து அனுமதி கொடுத்தார். அப்புறம் மருந்துக்கடை, மீன்கடை, தேவாலயம். கடைசியில் மேயர் அலுவலகமும் பாறையானது; உள்ளே வேலையில் எந்த மாற்றமும் தெரியவில்லை.

ஆகஸ்டில் வந்த பயணிகள், "ஊர் எங்கே?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

அப்போதுதான் அந்தப் பெருமை வந்து சேர்ந்தது: அரசாங்கப் போட்டியில் 'மனிதர் காலடி படாத கடற்கரை' பிரிவில் முதல் பரிசு! நிபந்தனை ஒன்றுதான். மனிதர், புகை, சமையல் வாசனை எதுவும் இருக்கக் கூடாது.

"அடுப்பை அணைக்கணுமா?" எனோரா கத்தினாள். "பாறைன்னீங்க, பொறுத்துக்கிட்டேன். இனிமே முடியாது. நாசமாப் போங்க!" அடைக்கல்லை வண்டியில் ஏற்றிக்கொண்டு பக்கத்து ஊருக்குப் போய்விட்டாள்.

பதக்கம் வந்த அன்று துணிக்குள்ளிருந்து சத்தம் வராமல் கைதட்டினோம். சமைக்கவும் கூடாதே, நல்ல பசி. எல்லோருமாகப் பக்கத்து ஊருக்குப் போய் எனோராவின் புதுக் கடை வரிசையில் நின்றோம்.

"எனோரா, எங்களுக்கும் சூடா அடை போடும்மா," என்று மேயர் இளித்தார்.

"நீங்க எந்த ஊரு?"

"என்ன விளையாட்டு இது? போர்லென்!"

"பொய் சொல்லாதீங்க முஸ்யே. அங்க மனுஷங்களே கிடையாதுன்னு அரசாங்கமே பதக்கம் குடுத்திருக்கு," என்றவள், எங்களுக்குப் பின்னால் நின்றவரைக் கூப்பிட்டாள்.