மூன்று ஹாரன் படலம்

வாழ்க ஆண்டியப்பர்! வல்லத்திராக்கோட்டைக்கு வாய்த்த வேந்தே, கருநிறத் தேருடைய கோவே, முப்பதாண்டு மின்கம்பம் ஏறி இறங்கி ஓய்வு பெற்ற லைன்மேன் திலகமே, பதினோராயிரம் வோல்ட்டைப் பக்கத்து வீட்டுக்காரன்போல் பாவித்துப் பழகிய பெருந்தகையே, வெறும் ஆறு வோல்ட்டிடம் நீ பட்ட பாட்டைப் பாடப் புகுந்தோம். நாமகளே, எங்கள் நாவில் வந்து அமர்வாயாக. வரும்போது ஒரு டெஸ்டரும் எடுத்து வருவாயாக.

அன்னாரின் தேர், அதாவது கார், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்றில் பிறந்தது. ஆறு வோல்ட் பேட்டரியால் உயிர் தரித்திருந்த அப்பழந்தேர், சென்ற ஆவணியில் ஒரு கல்யாண ஊர்வலத்தின் நட்டநடுவே உறங்கிப்போக, பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மாப்பிள்ளையே இறங்கித் தள்ளும்படி ஆயிற்று. அவ்வவமானம் பொறாத நம் வீரர், திருமயத்து மெக்கானிக் கோபிநாத்தை வரவழைத்துப் பன்னிரண்டு வோல்ட் பேட்டரியை அரியணை ஏற்றினார். சாவியைத் திருப்பிய மாத்திரத்தில் எஞ்சின் துள்ளி எழுந்தது. ஆனால் தேரோடு உடன்பிறந்த பழைய சாமான்களோ ஆறு வோல்ட்டுக்கென்றே அவதரித்தவை. இருமடங்கு பாய்ந்ததும் டாஷ்போர்டுக் கடிகாரம் ஒரே மூச்சில் புகைந்து, சரியாக நாலு பத்துக்கு வீரமரணம் எய்தியது.

எஞ்சி நின்றவை இரண்டே: ஹாரனும் வைப்பரும்.

“ரெண்டையும் கழட்டிப்புட்டுப் புதுசு மாட்டிருவோம்ணே” என்றார் கோபிநாத்.

“இந்த வண்டி ஹாரனைக் கழட்டுறவன் இன்னும் பொறக்கல!” என்று ஆண்டியப்பர் எட்டுத்திக்கும் அதிரப் பிரகடனம் செய்தார்.

வோல்ட்டைக் குறைக்கும் கருவி கோயம்புத்தூரிலிருந்து கூரியரில் வரப் பத்து நாள் ஆகும். மகள் பொற்கொடியின் கல்யாணமோ நாளை மறுநாள். அக்குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு: மாப்பிள்ளை ஏறிவரும் கார் மண்டப வாசலில் நின்று மூன்று முறை ஹாரன் அடித்தால்தான் ஆரத்தித் தட்டு வெளியே வரும். ஆகவே இல்லத்தரசி சொர்ணவல்லி, கையில் கரண்டியோடு தன் ஆணையை வெளியிட்டாள்.

“மூணு ஹாரன் கேக்கணும். அதுல ஒன்னு கொறைஞ்சாலும், மறுநாளே இந்த வண்டியக் காரைக்குடிக்காரருக்குத் தள்ளி விட்டுருவேன், பாத்துக்கங்க.”

சொன்னால் செய்கிறவள். காரைக்குடிக்காரரும் வண்டியை விலைக்குக் கேட்டு மாதம் ஒருமுறை போன் செய்கிறவர்தான்.

அன்று பகல் முழுதும் கிரீஸ் மணக்கும் கொட்டகையில், பனியன் நனைய, கண்ணாடி மூக்கில் சரிய, ஸ்குரூ டிரைவர் என்னும் வேலும் கறுப்பு டேப் என்னும் கவசமும் தாங்கிப் போராடிய ஆண்டியப்பர், பொழுது சாயும் வேளையில் ஒரு வியூகம் கண்டார். ஹாரனையும் வைப்பரையும் ஒரே ஒயரில் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துவிட்டால், பன்னிரண்டையும் அவை தமக்குள் ஆறாறாகப் பங்கு போட்டுக்கொள்ளும் அல்லவா! பொத்தானை அழுத்தினார். ஹாரன் பிளிறியது, கூடவே வைப்பர் இட வலமாக ஆடியது. மழையே இல்லாமல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஹாரன் அடிக்கும் கார் உலகில் இது ஒன்றுதான் என்பதில் அவருக்குப் பெருமைகூட இருந்தது.

“வைப்பர் மட்டும் எங்கிட்டும் சிக்கிறக் கூடாதுண்ணே. சிக்குச்சுன்னா பன்னெண்டும் ஹாரன் தலையில போயி ஏறிரும்” என்று கோபிநாத் எச்சரித்தார். வெற்றிக் களிப்பிலிருந்த செவியில் அது ஏறவில்லை.

கல்யாண நாளும் வந்தது. ஸ்டியரிங்கைப் பிறர் தொடச் சம்மதியாத ஆண்டியப்பர், பெண்ணைப் பெற்றவர் என்றும் பாராமல் தாமே சாரதியாகி, பிள்ளையார் கோயிலில் மாப்பிள்ளை வசந்தை ஏற்றிக்கொண்டு, நாகசுரம் முன்செல்ல, நத்தை நடையாகத் திருமயத்து மண்டப வாசலை அடைந்தார். வாசற்படிக்கு உள்ளே ஆரத்தியோடு பெண்கள் கூட்டம், படிக்கு வெளியே சொர்ணவல்லி. முதல் ஹாரனை அழுத்தினார்.

அந்தோ! அவருடைய தங்கை உண்ணாமலை காலையில் காருக்குப் பூ அலங்காரம் செய்கையில், பூமாலை காற்றில் ஆடாமல் இருக்கட்டுமென்று அதை வைப்பரோடு சேர்த்து நாரால் இறுக்கிக் கட்டியிருந்தாள். வைப்பர் அசையவில்லை. பன்னிரண்டும் திரண்டு ஹாரனுக்குள் பாய, கடல் கொந்தளித்தாற்போல் எழுந்த ஒரு பேரொலியில் நாகசுரக்காரர் சுருதி மறந்தார், வசந்த் சீட்டைவிட்டு எழும்பித் தலைப்பாகையைக் கூரையில் இடித்துக்கொண்டார். பிறகு பானெட்டுக்கு அடியிலிருந்து நூலாய் ஒரு புகை வந்தது. ஹாரன் செத்துப்போயிற்று.

மூன்றில் ஒன்றுதான் ஆகியிருந்தது. பொத்தானை அழுத்தினார், குத்தினார், கெஞ்சினார். உள்ளே ஆரத்திச் சூடம் எரிந்துகொண்டிருக்க, சம்பந்தி வீட்டார் வெயிலில் நிற்க, சொர்ணவல்லி விரலில் கணக்கு வைத்தபடி அவரையே பார்த்தாள். சொல்லிவிடுகிறோம், அந்த நேரத்தில் எங்களுக்கே அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அப்போது, புயலிரவில் கம்பமேறி ஊருக்கு ஒளி தந்த அந்த மாவீரர், முகத்து வியர்வையை வழித்தெறிந்து, மார்பு புடைக்க மூச்சிழுத்து, கதவுக்கு வெளியே சிரத்தை நீட்டி, நாணத்தை நாட்டைவிட்டே துரத்தி, மீதி இரண்டு ஹாரனையும் வாயாலேயே அடித்தார்.

“மூணு ஆச்சு, ஆரத்தியக் கொண்டாங்க” என்றாள் சொர்ணவல்லி.