காருக்குள் கட்டிய தேயிலை

இனி ஜென்மத்துக்கும் மீன் ரோல்ஸ் உட்பட எண்ணெயில் பொரித்த எதையும் தொடமாட்டேன் என்று டிக்கோயா ஆஸ்பத்திரி வாசலில் வைத்துச் சபதம் செய்தேன். பக்கத்தில் என் மனைவி நாகலெட்சுமி நின்றாள். அவள் நிற்காவிட்டால் நான் எதற்குச் சபதம் செய்யப் போகிறேன்?

டாக்டர் சொன்னது இதுதான். இரத்தத்தில் கொழுப்பாம். வேலைக்கு, தேயிலை பேக்டரிக்குத் தினமும் நடந்து போகணுமாம். மூன்று மைல்! அதுவும் ஏற்றம்! வாசலில் கார் நிற்கும்போது நடந்து போகிறவனைத் தோட்டத்தில் எவன் மதிப்பான்?

"நடக்கிறதுக்குப் பதிலா வாயக் கட்டிர்றேன் லெட்சுமி. காரை மட்டும் விட்ரு," என்றேன்.

"ஒரு ரோல்ஸ் வாயில பட்டுச்சுன்னு தெரிஞ்சாலும் சாவி என் இடுப்புக்கு வந்துரும். அப்பறம் உங்களுக்கு நடராஜா சர்வீஸ்தான். சம்மதமா?"

"சம்மதம்."

அந்தக் கார் லேசுப்பட்ட கார் இல்லை. 2009இல் எங்கள் தோட்டத்துக்கு வந்து சேர்ந்த, பாதி கரண்டிலும் பாதி பெட்ரோலிலும் ஓடுகிற ஜப்பான் கார். நின்ற இடத்திலேயே சத்தமில்லாமல் ஏசி ஓடும். "இந்தக் குளிருக்கு ஏசியா?" என்று தோட்டமே சிரித்தது. சிரிக்கட்டும். பனிமூட்டத்தில் கண்ணாடி வெளுக்காமல் இருக்க ஏசி வேண்டும். கண்ணாடியை இறக்காமல் மீன் ரோல்ஸ் தின்னவும் ஏசி வேண்டும்.

ஆமாம், தின்றேன். சபதம் மூன்று நாள்கூடத் தாங்கவில்லை. வேலை முடிந்ததும் ஹட்டனுக்குப் போவேன். பேக்கரியில் சுடச்சுட நான்கு ரோல்ஸ் வாங்குவேன். ஆளில்லாத ஒரு வளைவில் காரை நிறுத்துவேன். வெளியே பனி, உள்ளே நான். கடவுளுக்கே தெரியாது என்றுதான் நினைத்தேன்.

மூன்றாவது வாரம் கோயிலுக்குப் போக நாகலெட்சுமி காரில் ஏறினாள். ஏசியைப் போட்டேன். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"ஏங்க, என்னமோ நாறுதுங்க!"

"ஏசி லெட்சுமி. ஈரத்துல பூஞ்சணம் புடிச்சிருக்கும்."

"பூஞ்சணம் வெங்காய வாடையா அடிக்கும்?"

"ஜப்பான் பூஞ்சணம். அதப் பத்தி நமக்கென்ன தெரியும்?"

"உள்ள எலி கிலி செத்துக் கெடக்குதா?"

"செத்துத்தான் கெடக்கும்!"

"எண்ணெயில பொரிஞ்சா செத்துச்சு?"

எனக்கு வியர்த்துக் கொட்டியது. ஏசியோ முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

வாடையை விரட்டாவிட்டால் கார் போய்விடும். ஏசி வடிகட்டியைக் கழற்றிக் கழுவிக் காயவைத்தேன். எலுமிச்சம்பழத்தை அறுத்து வைத்தேன். கடைசியில் சாம்பிராணி போட்டேன். கோயிலுக்குள் கடை போட்டு மீன் பொரித்த மாதிரி ஆகிவிட்டது.

அப்போதுதான் நான் யாரென்று எனக்கே ஞாபகம் வந்தது. நான் டீமேக்கர்! பேக்டரியில் தூளின் பதமும் ருசியும் பார்க்கிறவன். இருபத்தாறு வருஷமாகத் தேயிலையோடு குடித்தனம் நடத்துகிறவன். தேயிலைக்கு ஒரு குணம் உண்டு. பக்கத்தில் எந்த வாடை இருந்தாலும் உறிஞ்சிக்கொள்ளும். அதனால்தான் மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு தூள் சலிக்கும் அறைக்கு வரும் பெண்களை வாசலிலேயே திருப்பி அனுப்புவேன். ஒரு கிலோ நல்ல தூளைப் பழைய வேட்டித் துணியில் நான்கு பொட்டலமாகக் கட்டி, ஏசிக் காற்று வரும் நான்கு துவாரத்திலும் தொங்கவிட்டேன். இரண்டே நாளில் வாடை போன இடம் தெரியவில்லை.

"இப்ப மோந்து பாரு!"

"கெட்டிக்காரருதாங்க நீங்க," என்றாள் நாகலெட்சுமி. பொட்டலங்களையும் அவளே அவிழ்த்து எடுத்துப் போனாள். நல்ல பெண்சாதி, குப்பையைக் கூட நம்மைக் கொட்ட விடமாட்டாள் என்று மனம் குளிர்ந்து போனேன்.

நான்காம் நாள் சாயந்திரம் வீட்டுக்கு வந்தால் மேசையில் வெள்ளைக் கோப்பை, பால் விடாத சாயத் தேத்தண்ணி, கரண்டி, துப்புவதற்கு ஒரு பாத்திரம். பேக்டரியில் நான் ருசி பார்க்கிற அதே ஏற்பாடு.

"ராகலையிலருந்து எங்க சண்முகவடிவு அக்கா குடுத்துவிட்டாங்க. இந்தத் தூள்ல என்னமோ வாடையாம். அவுங்க தோட்டத்து டீமேக்கருக்கே புடிபடலயாம். உங்களாலயும் முடியாதுன்னாங்க."

முடியாதாமே! அந்த வார்த்தை காதில் விழுந்தால் என் மூளை வேலையை நிறுத்திவிடும். நாக்கு மட்டும்தான் ஓடும்.

"கொண்டா அந்தக் கரண்டிய!"

சர்ரென்று ஓர் உறிஞ்சு. கண்ணை மூடினேன். துப்பினேன்.

"மீன்."

"தேயிலையில மீனா?"

"டின் மீன். பெரிய வெங்காயம். மொளகுத்தூள். தேங்கா எண்ணெ." இன்னோர் உறிஞ்சு. "ரஸ்க் தூள்ல பொரட்டிப் பொரிச்சது. லெட்சுமி, இது ரோல்ஸ்!"

"அடேங்கப்பா! ஒண்ணா ரெண்டா?"

"ஒண்ணு ரெண்டுக்கு இம்புட்டு ஏறாது. கொறஞ்சது அம்பது. மூடுன எடத்துல குளிர்காத்துல ஒக்காந்து எவனோ தெனமும் தின்னுருக்கான், களவாணிப் பய!"

"எழுதிக் குடுத்துருங்க. அக்கா கேப்பாங்க."

எழுதினேன். கேட்காமலே, 'இந்த ஆள் யாராக இருந்தாலும் மன்னிக்கக் கூடாது' என்று கீழே சேர்த்துக் கையெழுத்தும் போட்டேன்.

நாகலெட்சுமி அதை நிதானமாகப் படித்தாள். மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்தாள். பிறகு நான்கு துணித்துண்டுகளை மேசையில் விரித்தாள். என் வேட்டிக் கரை!

துணியைத் தொட்டுப் பார்த்தேன்.

"அப்ப... சண்முகவடிவு அக்கா?"

"அவுங்க பாவம், ராகலையில சும்மா இருக்காங்க. மூணு நாளா நானும் இத ஊத்தி ஊத்திக் குடிச்சுப் பாத்தேங்க. சந்தேகம் இருந்துச்சு, சாட்சிதான் இல்ல. எத்தனைன்னு கூட நீங்க சொல்லித்தான் தெரியுது."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அது வெறுமனே கத்தித்தான் கெட்டது. நான் கையெழுத்துப் போட்டுக் கெட்டேன்.

சாவி அவள் இடுப்பில் ஏறியது.

"நாளைக்கு மழ வருமோ?" என்று மட்டும் கேட்டேன்.

"வரட்டுங்க. கொட கதவுக்குப் பின்னால இருக்கு."