ஏழு விதமாக உடுத்தலாம்

ரஹமத்துல்லா கழுத்தைச் சுற்றியிருந்த கயிற்றுக்குள் இரண்டு கட்டைவிரல்களையும் நுழைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தார். கயிறு அசையவில்லை. அவருடைய முகம்தான் சிவந்தது.

"ஏனுங்க, மெதுவா! பிஞ்சு போயிரப் போகுது" என்று பதறினாள் ஜைனப்.

"எது, என்ற கழுத்தா?"

"கழுத்து நல்லாத்தான் இருக்குது. நான் துணியச் சொன்னேன்."

ஏற்காடு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த அந்தக் கடையின் முன்பாதியில் ரஹமத்துல்லா ஸ்வெட்டரும் கம்பளியும் விற்றார். பின்பாதியில் அவர் மனைவி ஜைனப் தையல் மெஷின் போட்டிருந்தாள். மழைக்காலம் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டு அவள் ஒரே ஓர் உடுப்பை உருவாக்கியிருந்தாள். வெளிப்பக்கம் காபி மூட்டைச் சாக்கு, உள்பக்கம் பழைய நூல் புடவை, தோளில் உடைந்த குடைகளின் துணி, பொத்தானுக்குத் தேங்காய்ச் சிரட்டை. காசு கொடுத்து வாங்கியது தையல் நூல் மட்டும்தான். சால்வையாகப் போர்த்தலாம், கோட்டாக மாட்டலாம், முக்காடாக இழுக்கலாம், முதுகுப் பையாகக்கூட மடிக்கலாம். மொத்தம் ஏழு விதம். கழுத்தைச் சுற்றி ஓடும் ஒற்றைப் பருத்திக் கயிறுதான் அத்தனை வித்தைக்கும் ஆதாரம்.

அதைப் பார்க்க இன்றைக்கு ஒரு தங்கும் விடுதியின் மேனேஜர் ஜெஸ்லின் வருகிறார். குளிரில் நடுங்கும் விருந்தாளிகளுக்குக் கொடுக்க ஏதாவது புதுசாக வேண்டுமாம். பிடித்தால் ஆர்டர். பிடிக்காவிட்டால் ஜைனபின் மெஷின் மூட்டை கட்டப்படும். கடையின் பின்பாதி ரஹமத்துல்லாவின் தம்பி பைசலுக்குப் போகும், செல்போன் கவர் அடுக்கி வைக்க. தம்பிக்கு அப்படி வாக்குக் கொடுத்த புண்ணியவான் ரஹமத்துல்லாவேதான்.

"அந்தம்மா வர்றப்ப நீங்க இதைப் போட்டுக்கிட்டு நின்னாப் போதும். உங்க உடம்புக்குப் பொருந்துச்சுன்னா ஊருக்கே பொருந்தும்" என்று ஜைனப் ஒரு வாரமாகக் கெஞ்சினாள்.

"சாக்குக்குள்ள நிக்கறதுக்கு நான் என்ன உருளைக்கிழங்கா?" என்று அவர் மறுத்துவிட்டார். போதாததற்கு, பக்கத்து ஊரான வெள்ளக்கடையில் இன்று அவர் கூட்டாளி தௌபீக் மகனின் கல்யாண வலிமா விருந்து. தொழுகைக்குக்கூடச் சில நாள் பிந்திப் போயிருக்கிறார்; பிரியாணிக்குப் பிந்தியதாக அவர்மேல் யாரும் பழி சொல்ல முடியாது.

காலையில் டீயைக் கையில் கொடுத்துவிட்டு, "ஒரே நிமிஷம், அளவு மட்டும் பாத்துக்கறேனுங்க" என்றாள். டீ தீர்வதற்குள் உடுப்பை மாட்டி அளவு பார்த்தாகிவிட்டது. கழற்றப் போனால் இந்தக் கூத்து.

"பனியில நனைஞ்சிருக்குமுங்க. பருத்தியில்ல? இறுகிக்கும்."

"உடுத்த ஏழு வழி வச்சவ, கழட்ட ஒரு வழி வச்சியா புள்ள?"

மூலையில் உட்கார்ந்து பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த முத்தாயி, புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். செம்மநத்தத்திலிருந்து தினமும் வேலைக்கு வருகிறவள். ஊசியும் கையுமாக இருந்தால் உலகம் இடிந்தாலும் வாயைத் திறக்க மாட்டாள்.

ரஹமத்துல்லா கத்திரியைக் கையில் எடுத்தார். ஜைனப் தடுக்கவில்லை. தடுத்திருந்தால் வெட்டியே இருப்பார்.

"வெட்டுங்க. எல்லா மடிப்பும் அந்த ஒத்தக் கயித்துலதான் நிக்குது. வெட்டிட்டீங்கன்னா அந்தம்மா வெறும் சாக்கப் பாத்துட்டுப் போவாங்க. அவ்வளவுதான்."

அவள் கண் கலங்கியது. மழைக்காலத்தில் கரண்ட் இல்லாத நாட்களில்கூட ஜன்னலோரம் மெஷினை இழுத்துப் போட்டு அவள் தைத்தது ரஹமத்துல்லாவுக்குத் தெரியும். கத்திரியைக் கீழே வைத்தார்.

ஜைனப் செல்போனை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னாள்: "சேகர் டீக்கடை பாய்லர்கிட்டக் கொஞ்ச நேரம் நில்லுங்க. சூட்டுல காஞ்சு தானா இளகிரும்."

தெரிந்தவர் கண்ணில் படாமலிருக்க, பின்பக்கத் துணியைத் தலைக்கு மேல் முக்காடாக இழுத்து விட்டுக்கொண்டு ரஹமத்துல்லா போனார். ஊரில் சாக்கு முக்காடு போட்டிருந்தவர் அவர் ஒருவர்தான் என்பதால் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"வாங்க பாய்!" என்று சேகர் கடையே அதிரக் கூப்பிட்டான். "வயித்துல என்னமோ எழுதியிருக்குதே! நிகர எடை ஐம்பது கிலோ. பாய், வியாபாரத்துல பொய் சொல்லலாமுங்களா?"

கடையே சிரித்தது. ரஹமத்துல்லா பாய்லரைக் கட்டிக்கொள்ளாத குறையாக நின்றார். நீராவி குபுகுபுவென்று கழுத்தில் அடித்தது. காய வேண்டிய கயிறு இன்னும் ஈரமானது. சாக்கிலிருந்து காபி வாசம் கிளம்பியதில் இரண்டு பேர் டீயை ரத்து செய்து காபி கேட்டார்கள். கண்ணாடி போட்ட ஒரு பெண் மட்டும் சிரிக்காமல் அவரையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ரஹமத்துல்லா போனைப் போட்டார். "நனைஞ்சு இன்னும் மோசமாயிருச்சு புள்ள!"

"அப்ப ஏரிக்கரைக்குப் போங்க. பழக்கடை வெள்ளையன் தினமும் மூட்டை அவுக்கறவருங்க. அவருக்குத் தெரியாத முடிச்சா?"

வெள்ளையன் உண்மையிலேயே நல்ல மனுஷன். கழுத்தருகே கை வைக்க இடைஞ்சலாக இருந்ததென்று முன்தொங்கலைத் தூக்கி முதுகுப்பக்கம் போட்டான். சிரட்டைப் பொத்தான்கள் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு, முதுகில் அம்சமான ஒரு பை உருவானது.

"அட, நொம்ப வசதியா இருக்குதே பாய்!" என்று நாலைந்து கொய்யாப் பழங்களை அதில் போட்டுப் பார்த்தான்.

"என்னைய அவுத்து விடச் சொன்னா என்ற மேல கடை போடறயா?"

அதற்குள் மரத்திலிருந்து இரண்டு குரங்குகள் இறங்கிவிட்டன. ஒன்று தோளில் ஏறியது. மற்றொன்று பைக்குள் கை விட்டது. பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதையை ரஹமத்துல்லா கேட்டிருக்கிறார். இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை. "யா அல்லா!" என்று அலறி, காலில் சிக்கிய துணியைக் கால்களுக்கிடையே வாங்கித் தார்ப்பாய்ச்சி இடுப்பில் செருகிக்கொண்டு ஓட்டம் பிடித்தார். கல்யாணத்துக்குப் பிறகு அவர் ஓடியது அதுதான் முதல் தடவை.

கடைக்குள் வந்து விழுந்தபோது வெள்ளக்கடை பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு கிளம்பியது. பிரியாணி போயே போய்விட்டது.

"எடு கத்திரிய!" என்று கத்தினார். "ஆர்டராவது ஒண்ணாவது!"

"ஒரு நிமிஷம் சார்" என்று வாசலில் ஒரு குரல் கேட்டது.

டீக்கடையில் பார்த்த கண்ணாடிப் பெண். கையில் செல்போன், முகமெல்லாம் வேர்வை. பின்னாலேயே ஓடி வந்திருக்கிறார்.

"நான் ஜெஸ்லின். முதல் பஸ்ஸுலயே வந்துட்டேன். டீக்கடையில இருக்கேன், அடுத்து ஏரிக்குப் போறேன்னு உங்களுக்கு மெசேஜ் போட்டேனே ஜைனப், பாக்கலையா?"

"வேலை மும்முரத்துல பாக்கலீங்க மேடம்" என்றாள் ஜைனப்.

"பரவாயில்ல. நான்தான் எல்லாத்தையும் பாத்துட்டேனே! டீக்கடையில முக்காடு, ஏரியில பை, ஓடும்போது பேன்ட்! ஒருத்தர் சும்மா நின்னு காட்டினா நான் நம்பியிருக்க மாட்டேன். சார், உண்மையைச் சொல்லுங்க. இது உடம்புக்கு உறுத்தலையா?"

ரஹமத்துல்லாவுக்குக் கழுத்து அரித்தது, முதுகு அரித்தது, குரங்கு பிராண்டிய தோள் எரிந்தது. வாயைத் திறந்தார். எதிரே ஜைனப் மெஷினின் சக்கரத்தை இறுகப் பிடித்தபடி நின்றிருந்தாள். அந்தக் கையைப் பார்த்ததும் சொல்ல வந்தது வேறாகிவிட்டது.

"உறுத்தலா? காலையில போட்டதுங்க. இன்னும் கழட்டவே மனசு வரலீங்க."

ஜெஸ்லின் உடனே விடுதியின் எல்லா அறைகளுக்கும் ஆர்டர் கொடுத்துவிட்டு, மறக்காமல் ரஹமத்துல்லாவோடு ஒரு செல்ஃபியும் எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

ரஹமத்துல்லா நாற்காலியில் சாய்ந்தார். பிரியாணியைத் தியாகம் செய்தவரின் பெருமிதம் முகத்தில் வழிந்தது.

"பைசல்கிட்ட நானே சொல்லிக்கறேன். பின்பாதி உனக்குத்தான். ஆனா ஒண்ணு, அந்தக் கயிறு மட்டும் இன்னைக்கு இறுகலைன்னா இந்த ஆர்டர் வந்திருக்குமா? எல்லாம் அவன் செயல்."

"ஆமாங்க" என்று ஜைனப் பயபக்தியோடு தலையாட்டினாள்.

மூலையிலிருந்த முத்தாயி, காலையிலிருந்து முதல் தடவையாக வாயைத் திறந்தாள்.

"ஏங் கண்ணு, காத்தால பாய் டீ குடிக்கறப்பக் கழுத்துக்குப் பின்னால கயித்தோட சேத்து நீ போட்ட நாலு தையல இப்பப் பிரிச்சு உட்டரட்டா, இல்ல அந்தம்மா பஸ் ஏறற வரைக்கும் கெடக்கட்டுமா?"